தீ ஓய்வுக்கு அனுப்பாத வண்டிகள்

நியூயார்க் நகரத்தில் தீயணைப்பு வண்டி ஒன்று ஒரே நாளில் ஓய்வு பெற்றுவிடுவதில்லை. புது வண்டி வந்து சேர்ந்ததும் பழையது உதிரி வண்டி ஆகிறது. ஏதாவது ஒரு நிலையத்தின் வண்டி பட்டறைக்குப் போனால் அதன் இடத்தில் நின்று ஓடும். இந்த மாதம் ப்ரான்க்ஸ் என்றால் அடுத்த மாதம் குயின்ஸ். சொந்த நிலையத்தின் எண்ணும், அந்த நிலையத்தார் ஆசையாகக் கதவில் வரைந்துகொண்ட சின்னமும் அதற்குள் போயிருக்கும். பிறகு சில வண்டிகள் ராண்டல்ஸ் தீவில் இருக்கும் பயிற்சிக் கழகத்துக்குப் போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவற்றின் பம்புகளில் கை பழகுவார்கள். கடைசியில் ஏலம். ஏலத்தில் எடுப்பவர் ஒரு சிற்றூரின் தன்னார்வப் படையாக இருக்கலாம், வாரக்கடைசியில் பித்தளையைத் துலக்கி மகிழும் ஆர்வலராக இருக்கலாம், எடைபோட்டு வாங்கும் பழைய இரும்பு வியாபாரியாகவும் இருக்கலாம்.

இப்படிப் போன வண்டிகளை அவை போன வரிசையில் நிறுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. அவற்றில் மிகச் சிலவற்றைத்தான் தீ தோற்கடித்தது. மற்றவற்றை அனுப்பிவைத்தவை தீவனச் செலவு, தெருவில் பறந்த கல், கிடைக்காத உதிரிபாகம், நகராட்சியின் காலிப் பெட்டி போன்றவை.

குதிரைகளில் தொடங்கலாம். 1865க்கு முன்பு நகரத்தின் தீயணைப்பு எஞ்சின்களைத் தன்னார்வலர்களே கயிறு பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்த ஆண்டு சம்பளம் வாங்கும் படை அமைந்தது; கயிறு பிடித்த மனிதர்களின் இடத்துக்குக் குதிரைகள் வந்தன. அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக, மூன்று குதிரைகள் பூட்டிய நீராவி எஞ்சின்தான் தெருவில் பார்க்கக் கிடைத்த மிகப் பெரிய வேடிக்கை. நிலையத்தில் நின்றிருக்கும்போதே எஞ்சினின் கொதிகலன் கீழ்த்தளத்து உலையோடு குழாயால் இணைக்கப்பட்டிருக்கும்; தண்ணீர் எந்நேரமும் சுட்டுக்கொண்டிருக்கும். மணி அடித்தவுடன் லாயத்தின் கதவுகள் திறந்துகொள்ளும். யாரும் ஏவாமலே குதிரைகள் வந்து தத்தம் இடத்தில் நிற்கும். கூரையில் தொங்கும் சேணம் அவற்றின் முதுகில் இறங்கும், கழுத்துப் பட்டை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். வண்டி வாசலைத் தாண்ட ஒரு நிமிடம் ஆகாது. போகிற வழியில் நிலக்கரி பற்றிக்கொள்ள, தீயணைக்கப் போகும் வண்டியே புகையும் பொறியும் கக்கிக்கொண்டு ஓடும். சேர்ந்த இடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 700 கேலன், அதாவது 2,600 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் இறைக்கும்.

இந்தக் காட்சி 1922 டிசம்பர் 20ஆம் தேதி முடிந்தது. ப்ரூக்ளினின் 205ஆம் எண் எஞ்சின் கடைசியாக ஒருமுறை குதிரைகளோடு வட்டார மன்றக் கட்டடத்துக்கு ஓடிவந்தது. தீ எதுவும் இல்லை. விடைகொடுக்க அடித்த மணி அது. குதிரைகள் எந்தத் தீயிலும் பின்வாங்கியதற்காக அனுப்பப்படவில்லை. தீப்பிடிக்காத நாளிலும் குதிரை தின்னும், அதற்கு லாடம் வேண்டும், மருத்துவர் வேண்டும், களைத்தால் மாற்றுக் குதிரை வேண்டும். மோட்டாருக்கு ஓடும்போது மட்டும்தான் செலவு. கணக்குப் பிள்ளைக்கு இதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

குதிரைக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு விநோதமான இடைக்காலம் இருந்தது. அது எனக்கு மிகவும் பிடித்தமானது. நீராவிப் பம்புகள் நன்றாகவே உழைத்துக்கொண்டிருந்தன, வயதானவை இழுக்கும் கால்கள் மட்டுமே. ஆகவே பம்பை வைத்துக்கொண்டு குதிரையை மட்டும் மாற்றினார்கள். முன்சக்கரங்களால் இழுக்கும் இரண்டு சக்கர மோட்டார் வண்டி ஒன்றை நீராவி எஞ்சினின் முன்னால் பூட்டிவிட்டார்கள். பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டு, முன்னால் இருபதாம் நூற்றாண்டு. அதை உருவாக்கியவர் ஜே. வால்டர் கிறிஸ்டி. 1910களில் நியூயார்க் இவற்றை ஏராளமாக வாங்கியது. இதே கிறிஸ்டி பிற்பாடு டாங்கிகளை வடிவமைத்தார். அமெரிக்க ராணுவம் பெரிதாகக் கண்டுகொள்ளாத அவருடைய சக்கர அமைப்பைச் சோவியத் நாடு வாங்கிப்போய்த் தன் டி-34 டாங்கிவரை பயன்படுத்தியது. தீயணைப்புக் குதிரையின் வேலையைப் பறித்த கைதான் அதுவும்.

குதிரைகள் போனாலும் அவற்றுக்காகக் கட்டிய வாசல்கள் போகவில்லை. நகரத்தின் நிலையங்களில் பல அந்தக் காலத்துக் கட்டடங்களே. மூன்று குதிரைகள் தாராளமாகப் புறப்பட வைத்த வாசலில் இன்று பல டன் எடையுள்ள லாரி நுழைகிறது. பணி முடிந்து திரும்பும் வண்டி தெருவின் குறுக்கே நிற்கும். இரண்டு பேர் இறங்கிப் போக்குவரத்தை மறிப்பார்கள். ஒருவர் பின்னால் நின்று கை காட்ட, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுப்பார். இருபக்கமும் ஒரு முழம் இருந்தால் அதிகம். நியூயார்க்குக்கு வண்டி செய்துதரும் நிறுவனங்கள் இன்றும் அந்த வாசலை அளந்துதான் வண்டியின் உடலை வரைகின்றன.

மோட்டார் பம்புகள் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் நகரம் இன்னொரு வழியையும் முயன்று பார்த்தது. 1908இல் மன்ஹாட்டனின் தெருக்களுக்கடியில் தீயணைப்புக்கென்றே உயர் அழுத்தக் குழாய்கள் ஓடின. ஆற்றங்கரையோரம் இரண்டு பம்ப் நிலையங்கள். தேவைப்பட்டால் ஆற்று உப்புநீரையே தள்ளும் மின்சாரப் பம்புகள். தெரு ஹைட்ரன்ட்டில் ஹோஸை மாட்டித் திறந்தால் போதும், பம்ப் வண்டியே வேண்டாம். வண்டிகளின் பம்புகள் வலுவடைய வலுவடைய இந்தக் குழாய்களுக்குச் செலவழிப்பது வீணாகத் தோன்றியது. பின்னாளில் அதையும் கைவிட்டார்கள். ஆனால் ஒரு பெருந்தீயின் முன்னால் ஆற்றையே கொண்டுவந்து நிறுத்தும் ஆசை மட்டும் சிலரிடம் மிஞ்சியிருந்தது.

அவர்களில் ஒருவர் வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ். சட்டம் படித்தவர், கப்பல் கட்டும் கலையைத் தானாகக் கற்றுக்கொண்டவர். அட்லான்டிக்கை அதிவேகமாகக் கடந்து சாதனை படைத்த ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ பயணிக் கப்பல் (1952) அவருடைய வடிவமைப்பு. தீயின் மீது அவருக்கிருந்த அச்சத்துக்கு அந்தக் கப்பலே சாட்சி: இறைச்சி வெட்டும் கட்டையும் பியானோவும் தவிர அதில் மரம் சேர்க்க அவர் விடவில்லை என்பார்கள். நியூயார்க் தீயணைப்புத் துறைக்கு அவர் 1938இலேயே ‘ஃபயர் ஃபைட்டர்’ என்ற படகை வடிவமைத்துக் கொடுத்திருந்தார். நிமிடத்துக்கு 20,000 கேலன் வீசும் படகு. படகின் வலிமையைத் தரைக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

1965இல் விடை வந்தது. பெயர் சூப்பர் பம்பர். மேக் நிறுவனம் கட்டியது. மொத்தம் ஐந்து வண்டிகள், விலை 8,75,000 டாலர். நடுநாயகமான பம்ப் வண்டி 43 அடி நீளம், 34 டன் எடை. அதன் முதுகில் உட்கார்ந்திருந்தது பிரிட்டனின் நேப்பியர் டெல்டிக் டீசல் எஞ்சின். 18 சிலிண்டர், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன், முக்கோணமாக அடுக்கிய அமைப்பு, மூன்று கிராங்க் தண்டு, 2,400 குதிரைத்திறன். வேகப் படகுகளுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் செய்தது. வண்டியை ஓட்டுவதற்கு வேறு எஞ்சின் இருந்தது. டெல்டிக்கின் வேலை தண்ணீர் தள்ளுவது மட்டும்.

அன்றைய சாதாரணப் பம்ப் வண்டி, சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தத்தில் நிமிடத்துக்கு 1,000 கேலன் தள்ளும். சூப்பர் பம்பர் 350 பவுண்டு அழுத்தத்தில் 8,800 கேலன் தள்ளியது. 33,000 லிட்டருக்கும் மேல். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை அதன் வாயில் வைத்தால் இருபத்திரண்டு விநாடியில் காலி. ஒரே நேரத்தில் எட்டு ஹைட்ரன்ட்களிலிருந்து உறிஞ்சும். ஆறோ துறைமுகமோ பக்கத்தில் இருந்தால் நேரே அதில் குழாயை இறக்கிவிடும். அதுவே போய்த் தீயின் முன் நிற்காது. தண்ணீர் இருக்குமிடத்தில் நின்றபடி, நாலரை அங்குல ஹோஸ் வழியாகப் பெரிய நீர்ப்பீரங்கி ஏந்திய துணை வண்டிக்கும் ‘சாட்டிலைட்’ எனப்பட்ட மூன்று சிறு வண்டிகளுக்கும் ஊட்டும். வழக்கமான இரண்டரை அங்குல ஹோஸோடு ஒப்பிட்டால் அதன் வாய் மூன்று மடங்குக்கு மேல் பெரிது.

ப்ரூக்ளினில் நிலைகொண்டிருந்த அது 17 ஆண்டுகளில் சுமார் 2,200 அழைப்புகளுக்குப் போனது. மூன்று நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பரபரப்பான வட்டாரத்தின் சாதாரணப் பம்ப் வண்டி இந்த எண்ணிக்கையை ஓராண்டிலேயே தாண்டிவிடும். சூப்பர் பம்பரின் பெருமையும் சிக்கலும் இங்கேதான். 1960களின் இறுதியிலிருந்து ப்ரான்க்ஸிலும் ப்ரூக்ளினிலும் எரிந்தவை ஐந்து மாடி வாடகைக் குடியிருப்புகள். ஒன்றிரண்டு அல்ல, இரவெல்லாம். தீயணைப்போர் அந்த ஆண்டுகளைப் ‘போர்க்காலம்’ என்றே சொல்கிறார்கள். அங்கே தேவைப்பட்டது ஆறு அல்ல, ஆள். 1975இல் நகராட்சி திவாலின் விளிம்புக்கு வந்தபோது நிலையங்களை மூடினார்கள், ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட நாளில், கடல் கடந்து உதிரிபாகம் வரவழைக்க வேண்டிய, தனித் தேர்ச்சி பெற்ற மெக்கானிக் கேட்கும் ஓர் எஞ்சினைக் கட்டி மேய்ப்பதை நியாயப்படுத்த முடியவில்லை.

1982இல் அது விலக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி பிரிட்டனில் டெல்டிக் பூட்டிய விரைவு ரயில் எஞ்சின்களும் கடைசி ஓட்டம் ஓடி முடித்தன. அட்லான்டிக்கின் இரு கரையிலும் ஒரே எஞ்சினுக்கு ஒரே ஆண்டில் ஓய்வு.

சூப்பர் பம்பரின் இடத்தில் வந்தது மற்றொரு ராட்சதன் அல்ல. நிமிடத்துக்கு 2,000 கேலன் தள்ளும் பம்ப் வண்டிகளை நகரத்தின் பல மூலைகளில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் பெரிய ஹோஸும் பீரங்கியும் ஏந்திய ஒரு சாட்டிலைட்டைத் துணை கொடுத்தார்கள். அந்த ஏற்பாடு இன்றும் இருக்கிறது. ஒரு வண்டி பழுதானால் மற்றவை இருக்கின்றன. நகரத்தின் குறுக்கே 34 டன்னை இழுத்துவர வேண்டியதில்லை. மெக்கானிக்குக்குத் தெரிந்த எஞ்சின். எல்லா வகையிலும் புத்திசாலித்தனமான மாற்றம், சந்தேகமில்லை. ஒற்றை வண்டியின் வலிமை மட்டும் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. கிப்ஸ் அதைப் பார்க்கவில்லை, 1967லேயே காலமாகிவிட்டார்.

அந்தப் போர்க்காலம் வண்டிகளின் தோற்றத்தையும் மாற்றியது. அதுவரை நியூயார்க் வண்டிகள் பெரும்பாலும் திறந்தவை. ஓட்டுநரும் அதிகாரியும் காற்றும் மழையும் பனியும் முகத்தில் அறைய உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் பின்பக்க ஃபுட்போர்டில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். திறந்த வண்டிக்கு ஒரு நியாயமும் இருந்தது: தெருவுக்குள் நுழையும்போதே அண்ணாந்து மேல்மாடிகளைப் பார்க்கலாம், புகையை முகர்ந்து எது எரிகிறது என்று ஊகிக்கலாம், பக்கத்துத் தெருவில் வரும் வண்டியின் மணியைக் கேட்கலாம். 1960களின் கலவரங்களில் மாடிகளிலிருந்து கல்லும் பாட்டிலும் வந்து விழுந்தன. நிலையங்களில் அவசரமாகப் பலகையை வெட்டித் தலைக்கு மேல் கூரை அடித்துக்கொண்டார்கள். அந்த ஒட்டுக்கூரை வண்டிகளின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. வழவழப்பான சிவப்பு உடலின் மேல் தச்சு வேலை தெரியும் மரக் கூண்டு. அதற்குப் பிறகு வாங்கிய வண்டிகள் கூரையோடுதான் வந்தன. பனியும் மழையும் எத்தனையோ ஆண்டுகள் கேட்டு வாங்க முடியாத கூரையைக் கல் வாங்கிக்கொடுத்தது.

ஃபுட்போர்டு இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது. அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1987இல் வெளியிட்ட 1500ஆம் எண் நெறிமுறை, ஓடும் வண்டியில் எல்லோரும் உட்கார்ந்து பட்டை கட்டியிருக்க வேண்டும் என்றது. 1991இல் வண்டிகளுக்கான நெறிமுறை முழுதும் மூடிய இருக்கைகளைக் கேட்டது. திருப்பத்தில் கைநழுவி விழுந்து செத்தவர்களும் ஊனமானவர்களும் நாடெங்கும் இருந்தார்கள். அந்த இழப்பின் முன் ஃபுட்போர்டின் கம்பீரத்துக்காக யாரும் வாதாட முடியாது. இன்று மூடிய கேபினுக்குள் குளிர்சாதனம் இருக்கிறது, காதில் ஹெட்செட் இருக்கிறது, எதிரே திரையில் முகவரி வருகிறது. தெருமுனை அபாயப் பெட்டியின் தந்தி நிலையத்தில் மணியாக ஒலிக்க, இத்தனை அடி, இடைவெளி, இத்தனை அடி என்று எண்ணி முகவரி கண்டுபிடித்த காலத்தில் காவலுக்கு இருந்தவரின் காதுதான் நிலையத்தின் மூளை. அந்தக் காது இப்போது யாருக்கும் வேண்டியதில்லை.

எல்லா மாற்றமும் நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் சில வண்டிகளை எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் வாங்கிப் பார்த்தார்கள். இருளில் சிவப்பைவிட அது நன்றாகத் தெரியும் என்று ஆய்வாளர்கள் சொன்னது சரிதான். தீயணைப்போருக்குப் பிடிக்கவில்லை, சிவப்பு திரும்பிவிட்டது. மறுபக்கம், 1964இல் மேக் நிறுவனம் அறிமுகப்படுத்திய 75 அடி கூண்டு ஏணி பிடித்துப்போய்விட்டது. மேக் 1990இல் தீயணைப்பு வண்டி செய்வதையே நிறுத்திய பிறகும் அந்த ஏணியின் வடிவம் வேறு நிறுவனத்தின் கையில் இன்றுவரை தொடர்கிறது. வண்டிகள் பலமுறை மாறியும் ஏணி அதே ஏணி.

அன்றைய கணக்கையும் பிற்காலக் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் எது லாபம் என்பதில் குழப்பமே வராது. 1970இல் நியூயார்க்கில் தீயில் இறந்தவர்கள் 310 பேர். 2016இல் 48 பேர். புகை உணர்கருவி, தெளிப்பான், கட்டட விதி, முகமூடி என்று பலவும் சேர்ந்து செய்த வேலை இது. வண்டிக்கும் அதில் பங்குண்டு. 1996இல் ஆம்புலன்ஸ் சேவை தீயணைப்புத் துறையோடு இணைந்தது. அதன்பின் மருத்துவ அழைப்புகள் பெருகி, இப்போது ஆண்டுக்குப் பத்து லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டன. கட்டடத் தீ ஆண்டுக்குச் சுமார் 25,000தான். பம்ப் வண்டிகளின் ஆட்களும் மாரடைப்பு வந்தவரின் வீட்டுக்கு ஓடுகிறார்கள். ஆயுளின் பெரும்பகுதியைத் தண்ணீர் பாய்ச்சாமல் கழிக்கும் பம்ப் வண்டிதான் இன்றைய பம்ப் வண்டி. தேய்வது பம்ப் அல்ல, பிரேக்.

உலக வர்த்தக மையம் தாக்கப்பட்ட 2001 செப்டம்பர் 11 மட்டும் இந்த வரிசையில் சேராது. அன்று துறையின் 343 பேரோடு 90க்கும் மேற்பட்ட வண்டிகள் நசுங்கின. அவை ஓய்வு பெற்றவை அல்ல. அவற்றில் ஒன்றான 3ஆம் எண் ஏணி வண்டி இன்று நினைவு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. முன்பக்கம் நசுங்கிப் போய்விட்டது. அதில் வந்தவர்கள் யாரும் திரும்பவில்லை.

அன்று கோபுரங்கள் சரிந்தபோது அடியில் ஓடிய தண்ணீர்க் குழாய்களும் உடைந்தன. ஹைட்ரன்ட்கள் வறண்டன. பத்து நிமிட நடையில் ஹட்சன் ஆறு. தண்ணீரை ஆற்றிலிருந்து நெருப்புவரை கொண்டுபோக வேண்டும். சூப்பர் பம்பரைக் கட்டியதே இதற்காகத்தான், அது போய்ப் பத்தொன்பது ஆண்டு ஆகியிருந்தது. வந்து நின்றவை படகுகள். கிப்ஸின் 1938ஆம் ஆண்டுப் படகு ‘ஃபயர் ஃபைட்டர்’ அப்போதும் பணியில் இருந்தது. இன்னொன்று ‘ஜான் ஜே. ஹார்வி’: 1931இல் நீரில் இறங்கி, 1990களின் நடுவில் ஓய்வு பெற்று, 1999இல் ஏலத்தில் தனியார் சிலரின் கைக்குப் போய், உல்லாசப் பயணத்துக்கும் துருச் சுரண்டலுக்கும் இடையே பொழுதுபோக்கிக்கொண்டிருந்த படகு. அதன் உரிமையாளர்கள் மக்களை ஏற்றிக் கரைசேர்க்கத்தான் புறப்பட்டார்கள். பம்ப் இன்னும் வேலை செய்கிறதா என்று துறையிலிருந்து கேட்டார்கள், செய்தது. பழைய பீரங்கி முனைகளில் தண்ணீரை நிறுத்த வழியில்லை, ஆகவே கையில் கிடைத்த மரத்துண்டையும் சோடா பாட்டிலையும் திணித்து அடைத்து, அழுத்தத்தைக் கரையிலிருந்த பம்ப் வண்டிகளின் ஹோஸ்களுக்குத் திருப்பிவிட்டார்கள். 80 மணி நேரம் அந்தப் படகு இறைத்தது. துறை அதற்குப் பழைய அழைப்புப் பெயரைத் திருப்பிக் கொடுத்துத் தற்காலிகமாகப் பணியில் சேர்த்துக்கொண்டது.

இதை வைத்து, பழையவை எதையும் விடக் கூடாது என்று வாதிடுவது மிகை. பத்தொன்பது ஆண்டு ஒரு டெல்டிக்கைச் சும்மா நிறுத்திவைத்துப் பராமரிக்க எந்த நகரத்தாலும் ஆகாது. ஹார்வி தப்பியது துறையின் திட்டத்தால் அல்ல. பழைய இரும்பாக விற்க வேண்டியதைச் சிலர் ஆசைப்பட்டு வாங்கியதால்.

நசுங்கிய வண்டிகளுக்கு ஈடாக வெளியூர்களிலிருந்து வண்டிகள் வந்தன. தென் கரோலினாவின் கொலம்பியா நகரத்தைச் சேர்ந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் காசு திரட்டத் தொடங்கினார்கள். தொடங்கிய பிறகுதான் ஒரு பழைய கதை கிடைத்தது. உள்நாட்டுப் போரின் முடிவில், 1865இல், அவர்களுடைய ஊர் எரிந்துபோயிற்று. எதிரிப் பக்கமாக இருந்த நியூயார்க்கின் தீயணைப்போர் 1867இல் சந்தா போட்டு ஒரு ஹோஸ் வண்டி வாங்கி அனுப்பினார்கள். ஏற்றிய கப்பல் மூழ்கிவிட, மீண்டும் சந்தா போட்டு இன்னொன்று அனுப்பினார்கள். உங்களுக்கு ஒரு துன்பம் வந்தால் இதைத் திருப்புவோம் என்று கொலம்பியாவின் பிரமுகர் ஒருவர் அன்று வாக்குக் கொடுத்தார். 134 ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகள் திரட்டிய காசில் ப்ரூக்ளினின் 101ஆம் எண் ஏணி வண்டி வந்தது; அந்த நிலையம் ஏழு பேரை இழந்திருந்தது. லூசியானா மாநிலமும் ஒரு பம்ப் வண்டி கொடுத்தது. 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது நியூயார்க் அதை அங்கே திருப்பி அனுப்பி ஓட்டவைத்தது.

இன்று நிலையத்தில் நிற்கும் வண்டிகள் எப்படி ஓய்வு பெறும் என்பது வேறு மாதிரியான கேள்வி. இப்போதைய பம்ப் வண்டி 2,000 கேலன் தள்ளுகிறது, 500 கேலன் தண்ணீரைத் தன் வயிற்றிலேயே சுமக்கிறது. வானளாவிய கட்டடங்களுக்கென்று உயர் அழுத்தப் பம்புகள் தனியே உண்டு. தீயும் மாறியிருக்கிறது. மின்சார சைக்கிள் போன்றவற்றின் லித்தியம் மின்கலங்கள் 2023இல் மட்டும் நியூயார்க்கில் 268 தீயை மூட்டி 18 பேரைக் கொன்றன. அணைந்ததாகத் தோன்றி மறுபடி மூளும் தீ அது. நிறையத் தண்ணீர் கேட்கிறது, நெடுநேரம் கேட்கிறது.

ஆனால் இந்த வண்டிகளை வயதாக்குவது தீயைவிட மின்னணுச் சாதனங்களும் புகைக்குழாயும்தான். 2007இலும் 2010இலும் அமலான மாசு விதிகளால் புதிய டீசல் எஞ்சின்களுக்கு முதலில் புகைக்கரி வடிகட்டியும் பிறகு யூரியாக் கரைசலும் வந்து சேர்ந்தன. வடிகட்டி அடைத்துக்கொண்டால் கணினி தானாகவே எஞ்சினின் வலிமையைக் குறைத்துவிடும். நெடுஞ்சாலையில் சரக்கு லாரிக்கு அது தொல்லை. உள்ளே ஆள் இருக்கும் மாடியின் முன்னால் பம்ப் ஓடும்போது அது விபரீதம். 2012இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவசர வண்டிகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது, பணியின் நடுவில் எஞ்சின் சோரக் கூடாது என்று. ஊருக்குச் சுத்தமான காற்று கிடைத்திருக்கிறது, நிலையத்துக்குள் மூச்சுவிடுபவர்களுக்கும் கிடைத்திருக்கிறது. கூடவே பட்டறையில் மடிக்கணினி இல்லாமல் திறக்க முடியாத எஞ்சினும் வந்திருக்கிறது.

1910களின் நீராவிப் பம்பை வைத்திருக்கும் ஆர்வலர் இன்றும் நிலக்கரி போட்டு அதை ஓடவைக்கிறார். தேய்ந்த பாகத்தை அளந்து உள்ளூர் லேத்தில் கடைந்துகொள்கிறார். இப்போது ஏலத்துக்கு வரும் வண்டிகளை வாங்குபவருக்கு அந்தச் சுகம் இல்லை. கட்டுப்பாட்டுப் பலகையின் மென்பொருள் எந்த நிறுவனத்துடையதோ அது இருக்க வேண்டும், அதன் கடவுச்சொல் வேண்டும், உணர்கருவி விற்பனையில் இருக்க வேண்டும். பெயர்பெற்ற வண்டி நிறுவனங்களில் ஒன்றான அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் 2014இல் கதவடைத்தபோது, அதன் வண்டிகளை வாங்கிய ஊர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தன. ஆகவே ஏலக் குறிப்பைப் படிக்கும் சிற்றூர்ப் படைகள் இப்போது பம்பின் வலிமையைக் கடைசியில்தான் விசாரிக்கின்றன. எஞ்சின் எந்த ஆண்டினது, 2010க்கு முந்தியதா என்பது அவர்களின் முதல் கேள்வி.